கறி: மிளகு மூட்டையில் இருந்து கறிக்கடை வரை

தர்மபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுத்தாச்சா?" என்று ஒருத்தர் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆட்டுக்கறிதான். கோழியாக இருந்தால் கோழி என்றோ சிக்கன் என்றோ தனியாகச் சொல்லிவிடுவார்கள், மீனாக இருந்தால் மீன். கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தால் போதும். "அண்ணா, அரைக்கிலோ போடுங்க, நெஞ்செலும்பு கொஞ்சம் சேர்த்து", "எனக்கு எலும்பே வேண்டாம்ணா, தனிக்கறியா குடுங்க", "தலைக்கறி இருக்கா?", "கொத்துக்கறி கால் கிலோ". இதில் ஒன்றுகூடச் சமைத்த பண்டம் இல்லை. வேகாத பச்சை இறைச்சிக்கே எங்கள் பக்கம் கறி என்று பெயர். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மசாலா அரைத்துக் கொதிக்க விட்டால்தான் கறிக்குழம்பு, அப்புறம் ராகிக் களியில் குழி பறித்து ஊற்றிக்கொள்ளலாம். காதுகுத்துக்கோ கெடா வெட்டுக்கோ கூப்பிடும்போது "கறி விருந்து" என்று சொன்னாலும் இதே பொருள்தான்.

இந்தப் பொருளை மட்டும் தெரிந்து வளர்ந்தவருக்கு, இங்கிலீஷில் எதையெதையோ 'கரி' என்று சொல்வது குழப்பமாகத்தான் இருக்கும். பன்னீர் கரி என்கிறான், வெஜிடபிள் கரி என்கிறான், கரி பவுடர் என்று டப்பாவில் விற்கிறான். கறியே இல்லாமல் எப்படிக் கறி? கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் தேடி லண்டனுக்குப் போக வேண்டாம், தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கும்பகோணம் பக்கத்தில் இருந்து மாற்றலாகி எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு வாத்தியார் குடும்பம் சுத்த சைவம். அந்த அம்மா பக்கத்து வீட்டில் பேச்சுவாக்கில் "இன்னைக்கு வாழைக்காய் கறி பண்ணினேன்" என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த அக்கா "வாழைக்காயையும் கறியையும் சேர்த்துப் போட்டா நல்லா வருங்களா?" என்று அக்கறையோடு விசாரிக்க, அந்த அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் வட்டாரத்துச் சைவ வீடுகளில் கறி என்றால் நாம் பொரியல் என்கிறோமே, அது. உருளைக்கிழங்கு கறி, சேனைக்கிழங்கு கறி, வெண்டைக்காய் கறி. ஐயங்கார் வீடுகளில் 'கரமது' என்று வேகமாகச் சொல்வார்கள், அது கறியமுது என்பதன் தேய்ந்த வடிவம். ரசத்தைச் சாத்தமுது என்பார்கள் இல்லையா, சாற்றமுது என்பதில் இருந்து, அதே மாதிரி.

இன்னொரு திசை இலங்கை. எங்கள் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன, அங்கே பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவர்களுக்கு இறைச்சி என்றால் இறைச்சிதான், காய்கறி என்றால் மரக்கறி. கறி என்பது சோற்றோடு சேர்த்துச் சாப்பிடச் சமைத்து வைக்கும் எல்லாவற்றுக்கும் பொது. பருப்புக் கறி, கத்தரிக்காய்க் கறி, மீன் கறி, ஆட்டிறைச்சிக் கறி. "ஆட்டிறைச்சிக் கறி" என்ற தொடரை எங்கள் ஊர்க்காரர் கேட்டால் ஒரே பொருளை இரண்டு தடவை சொன்ன மாதிரி தோன்றும். அவர்கள் காதுக்கு அது தெளிவான பேச்சு: இன்ன பொருள், அதை வைத்துச் செய்த கறி.

ஆக ஒரே சொல் ஓர் ஊரில் பச்சை இறைச்சி, இன்னோர் ஊரில் காய்ப்பொரியல், கடல் தாண்டினால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது, ஊற்றிக்கொள்வது எல்லாமே. இதில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. நாமேகூட "காய்கறி வாங்கப் போறேன்" என்று தினமும் சொல்கிறோம், அங்கே கறி என்பது இறைச்சி இல்லை என்று ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. புதிதாக இந்த விஷயத்துக்கு வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கறி என்பது ஒரு குறிப்பிட்ட பண்டத்தின் பெயர் இல்லை, ஒரு மசாலாவின் பெயரும் இல்லை. சோறோ களியோ, வயிற்றை நிரப்புகிற சப்பென்ற ஒன்றுக்குப் பக்கத்தில் ருசிக்காக வந்து உட்காருகிறதே, அதற்கு உரிய இடத்தின் பெயர். அந்த இடத்தில் எந்த வீட்டில் எது பெரிதாக மதிக்கப்பட்டதோ அது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. எங்களுக்கு ஆடு, அவர்களுக்கு வாழைக்காய்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் இதையே இன்னும் பளிச்சென்று பார்க்கலாம், ஏனென்றால் அங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சமைக்கின்றன. தெலுங்கு வீட்டில் கூர என்பார்கள். ஆகுகூர என்றால் கீரை, கூரகாயலு என்றால் காய்கறி, கோடி கூர என்றால் கோழிக்கறி. இலையா, காயா, கோழியா என்று அந்தச் சொல் பார்ப்பதே இல்லை, எல்லாம் கூரதான். கன்னட வீட்டிலோ இந்த மாதிரி ஒரே பொதுச்சொல்லைவிட, பல்ய, சாரு, ஹுளி, கொஜ்ஜு என்று பதத்தைப் பார்த்துத் தனித்தனியாகப் பெயர் சொல்வார்கள். மங்களூர்ப் பக்கத்துத் துளுவில் கஜிப்பு என்கிறார்கள், அது நம் கறியின் நெருங்கிய உறவு.

சரி, சொல் எங்கே இருந்து வந்தது? சங்கப் பாடல்களில் கறி என்ற சொல் பெரும்பாலும் குறிப்பது மிளகை. கொடியில் காய்க்கிற, காரமான, நாம் ரசத்துக்குத் தட்டிப் போடுகிற அதே மிளகு. அகநானூறு 149ஆம் பாட்டில், எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறித் துறைமுகத்தைச் சொல்லும்போது, யவனர்களின் அழகான மரக்கலங்கள் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறார். பொன்னைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயின. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் கிடக்கும் சரக்குகளின் வரிசையில் "காலின் வந்த கருங்கறி மூடையும்" வருகிறது. கரிய மிளகு மூட்டைகள். இது வெறும் கவிதை அலங்காரமும் இல்லை, எகிப்தில் செங்கடல் ஓரத்துப் பெரெனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு கோவிலில் இந்தியப் பானை ஒன்று கிடைத்தது, அதற்குள் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு.

அப்படியானால் அந்தக் காலத்தில் இறைச்சிக்கு என்ன சொன்னார்கள்? இதற்கு எங்கள் ஊர்ச் சாட்சியே இருக்கிறது. தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் போரில் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைக் குடிக்க வைத்துத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று சொல்லிக்கொண்டே வந்து, "என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கு ஈயும் மன்னே, அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான் நிற்கும் மன்னே" என்று அழுகிறார். எலும்பும் இறைச்சியும் இருக்கிற இடத்தில் எங்களை உட்கார வைத்தான், அம்பும் வேலும் பாய்கிற இடத்தில் தான் போய் நின்றான். இந்த இரண்டு அடியை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். நம் பேச்சுக்கு வேண்டியது அதில் உள்ள 'தடி' என்ற சொல். இன்று தர்மபுரியில் நெஞ்செலும்போடு கேட்டு வாங்குகிறோமே, அதே எலும்பும் இறைச்சியும்தான், ஆனால் ஔவைக்கு அது என்பும் தடியும். தடி, ஊன், புலவு, இறைச்சி என்று பல பெயர்கள் இருந்தன. கறி என்பது அந்தப் பட்டியலுக்கு ரொம்பப் பின்னால் வந்து சேர்ந்தது, இன்று எங்கள் பக்கம் மற்ற எல்லாவற்றையும் பேச்சில் இருந்து ஒதுக்கிவிட்டது.

மிளகு எப்படிச் சாப்பாட்டின் பெயர் ஆனது? இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, மிளகு போட்டுச் சமைத்தது என்பதால் கறி. மிளகாய் வருவதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றாலே முக்கியமாக மிளகுதான், அதனால் இது பொருத்தமாகவே படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளம்பிஞ்சைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை கலந்து பரிமாறுவதாக ஒரு குறிப்பு வருகிறது, "கறி கலந்து கஞ்சக நறுமுறி அளைஇ" என்று. கஞ்சகம்தான் கறிவேப்பிலை. கிட்டத்தட்ட இன்றைய மிளகுப் பொரியல். இன்னொரு வழி, கறித்தல் என்ற வினை. கடித்து மெல்லுவது என்று பொருள், ஆடு மாடு புல்லைக் கறிக்கும் என்று சொல்வது உண்டு. சோற்றை அள்ளி விழுங்கலாம், கூட இருப்பதைக் கடித்துத்தான் தின்ன வேண்டும், ஆகவே கடித்துத் தின்பது கறி. மொழி ஆராய்ச்சி அகராதிகள் இந்த வினையைத்தான் வேராகக் காட்டுகின்றன. எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. காயும் இறைச்சியும் ஒரே பெயருக்குள் அடங்கியதற்கு மிளகைவிடப் பல்லே நல்ல காரணம்.

சங்க காலத்திலேயே அந்த உணவுப் பொருள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சேர அரசன் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று வியக்கிறான். போர் செய்து காய்த்துப்போன கை அவனுடையது. கபிலர் சொன்ன பதில் புறநானூறு 14: "ஊன்துவை கறிசோறு உண்டு" வருந்துவதைத் தவிர இந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியாது, பிறகு எப்படி மெத்தென்று இல்லாமல் போகும்? உரைகாரர்கள் இதை ஊனும் துவையும் கறியும் சோறும் என்று பிரிக்கிறார்கள். ஊன் தனியாக வந்துவிட்டது, அதனால் கறி இங்கே இறைச்சி இல்லை, சோற்றின் பக்கத்தில் இருக்கும் வேறொரு பண்டம்.

கல்வெட்டுக்கு வந்தால் சந்தேகமே இல்லை. 9ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, கோவிலில் சாமிக்குப் படைக்க வேண்டியதைச் சொல்லும்போது காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரிக்கிறது. புளி ஊற்றியது, வேகவைத்தது, பொரித்தது. அத்தனையும் சைவம். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளிலும் கறியமுது என்பது ஒன்று, அதற்குப் போட வேண்டிய மிளகு, கடுகு, சீரகம் என்பது வேறு. பழைய 'மிளகு' என்ற பொருள் அதற்குள் வழக்கில் இருந்து விலகி, கறி முழுக்க முழுக்க சமையல் சொல்லாகிவிட்டது. எங்கள் ஊர்க் கறிக்கடைப் பொருள் இதற்கெல்லாம் தம்பி.

இனி வெள்ளைக்காரர்கள். முதலில் வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள், அவர்கள் இந்தச் சொல்லை 'கரீல்' என்று எடுத்துக்கொண்டார்கள். 1563இல் கோவாவில் அச்சான தன் மருந்து நூலில் கார்சியா டா ஓர்ட்டா, இங்கே கோழியும் இறைச்சியும் வைத்துச் செய்கிற பண்டத்தைக் கரீல் என்கிறார்கள் என்று எழுதினார். கடைசியில் இருக்கும் அந்த 'ல்' எங்கே இருந்து வந்தது என்றால், 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் (இந்தியாவில் வெள்ளைக்காரர் பேச்சில் கலந்த சொற்களுக்கான அகராதி), மூலச் சொல் தமிழின் கறி, போர்ச்சுக்கீசியர் எடுத்துக்கொண்டது 'கரில்' என்ற அதன் கன்னட வடிவத்தை என்று சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னாட்டு மொழிகள் அறிந்தவர். போர்ச்சுகலில் இன்றைக்கும் கரீல்தான். 1598இல் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் இங்கிலீஷில் வந்தபோது அந்தச் சொல் முதன்முதலாக இங்கிலீஷ் எழுத்தில் ஏறியது. மீனைச் சாற்றில் வேகவைத்துச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், கொஞ்சம் புளிப்பாக இருக்கும், ஆனால் ருசியானது என்று அதில் இருக்கிறது. படித்தால் ஒகேனக்கல்லில் இலை போட்டு மீன் குழம்பு ஊற்றுகிற காட்சிதான் கண்முன் வரும். 1681இல் ராபர்ட் நாக்ஸ், கண்டி அரசனிடம் பல வருடம் சிறைப்பட்டிருந்தவர், இதைவிடத் துல்லியமாக எழுதினார்: சோற்றோடு தின்பதற்கும் அதற்கு ருசி கூட்டுவதற்கும் ஆனது. அவர் சொன்ன பண்டம் பழுக்காத பழங்களைப் பறித்து வேகவைத்தது, இறைச்சியே இல்லை. இந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் சொல்லைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

மாற்றம் லண்டன் அடுப்பில்தான் நடந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி தன் சமையல் புத்தகத்தில் "இந்திய முறையில் கரி" செய்வதை எழுதினார். கோழி அல்லது முயல், நறுக்கிய வெங்காயம், 30 மிளகு, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை, ஒரு கரண்டி அரிசி, அவ்வளவுதான். மிளகாய் இல்லை, மஞ்சள்கூடப் பிந்திய பதிப்பில்தான் சேர்ந்தது. காரத்துக்கு மிளகு மட்டுமே போட்ட ஒரு கறி, தெரிந்தோ தெரியாமலோ, சொல்லின் மிகப் பழைய பொருளுக்கு நெருங்கிப் போய்விட்டது. நம் பக்கம் அதற்குள் மிளகாய் வந்து மிளகைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பித்திருந்தது. மிளகாய், தக்காளி இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. இன்று ராயக்கோட்டை மார்க்கெட்டிலும் பாலக்கோடு மார்க்கெட்டிலும் பெட்டி பெட்டியாக ஏற்றுகிற தக்காளி இல்லாமல் எங்கள் ஊரில் குழம்பே கிடையாது, ஆனால் அதியமான் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

அப்புறம் பொடி. 1780களிலேயே லண்டனில் கரி பவுடர் விளம்பரம் வந்துவிட்டது. நம் வீடுகளில் குழம்புக்கு ஒரு பொடி, ரசத்துக்கு ஒரு பொடி, கறிக்குழம்புக்குப் பட்டை, கிராம்பு, கசகசா, தேங்காய் அரைத்து ஊற்றுவது என்று தனித்தனிக் கணக்கு. அதையெல்லாம் ஒரே டப்பாவில் அடைத்து, எதில் போட்டாலும் கரி ஆகிவிடும் என்றார்கள். சோற்றுக்குப் பக்கத்து இடத்தின் பெயர் அங்கேதான் ஒரு வாசனையின் பெயராக மாறிப்போனது. 1810இல் சேக் தீன் முகமது என்ற இந்தியர் லண்டனில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் என்று கடை திறந்து கரி பரிமாறினார், 1812இல் திவாலானார், ஆனால் அந்த ருசி திவாலாகவில்லை. ஆங்கிலேயர் வழியாக அது ஜப்பானுக்குப் போய்க் கரே ஆனது, சோற்றோடு சாப்பிடுகிற கெட்டியான குழம்பு, அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு. ஜெர்மனியில் 1949இல் ஹெர்ட்டா ஹோய்வர் என்ற பெண் பெர்லினில் பொரித்த சாசேஜ் மேல் தக்காளிச் சாறும் கரி பவுடரும் போட்டு விற்றார், அது கரிவுர்ஸ்ட். சோறே இல்லாத இடத்தில் கறி. இதற்கு நேர் எதிராக, தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் போய்க் குடியேறிய ரீயூனியன் தீவில் கறி இன்றும் சோற்றோடுதான் வருகிறது, கோழிக் கறி, மீன் கறி என்று பொருளைச் சேர்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள், யாழ்ப்பாணத்து முறையிலேயே.

இணையத்தில் அடிக்கடி ஒரு வாதம் வரும்: கரி என்று இந்தியாவில் எதுவுமே கிடையாது, அது வெள்ளைக்காரன் கட்டிய கதை என்று. இதை எழுதுகிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆயிரம் பண்டங்களை ஒரே பெயரில் அடைத்தது உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்தில் சொல்லையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வடக்கே சப்ஜி, சாலன் என்று பேசுகிறவருக்கு அது அந்நியமாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்த சொல் அது. அவர்கள் உண்டாக்கியது பவுடர், சொல் இல்லை.

இன்னும் இரண்டு தவறான கதைகளையும் சொல்லிவிட வேண்டும். 1390 வாக்கில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த ஏடு ஒன்றின் பெயரில் 'கியூரி' என்று ஒரு சொல் இருக்கிறது, அதைக் காட்டிக் கரி ஆங்கிலேயருடையது என்பார்கள். அது சமையல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது, நம் கறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இரண்டாவது, கருப்பாக இருப்பதால் கரி என்பது. இது ரகரம் றகரம் குழம்புவதால் வருவது. அடுப்புக் கரி வேறு, தின்கிற கறி வேறு. கன்னடத்தில் பழைய றகரம் வழக்கொழிந்து ரகரத்தோடு கலந்துவிட்டது, அதனால் அங்கே இந்தக் குழப்பம் இயல்பு. தமிழில் நாம் இரண்டையும் எழுத்தில் இன்னும் பிரித்து வைத்திருக்கிறோம், அதனால் கடைப் பலகையில் "ஆட்டுக்கரி" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

இந்தக் கலப்பு நன்றாகத் தெரிவது கறிவேப்பிலையில்தான். கறிக்குப் போடுகிற வேப்பிலை போன்ற இலை, அதனால் கறிவேப்பிலை. எங்கள் பக்கம் பேச்சில் கருவேப்பிலை என்போம், ஓசூரில் கன்னடம் பேசுகிறவர் கரிபேவு என்பார், அவர் காதுக்கு அது கருப்பு வேம்பு. இங்கிலீஷ்காரர் அதை அப்படியே கரி லீஃப் என்று வைத்துக்கொண்டார். வெளிநாட்டில் சிலர் இதைக் கரி பவுடர் அரைக்கிற இலை என்று நினைத்து வாங்கிப் போகிறார்களாம், அங்கே விற்கிற பெரும்பாலான டப்பாக்களில் இந்த இலையே இருக்காது. காய்ந்த இலையிலும் அந்த வாசனை நிற்காது. சந்தையில் கட்டு வாங்கும்போது ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், காரமாக மூக்கில் ஏறினால் அது நாட்டு இலை, எண்ணெயில் போட்டதும் தெரு முழுக்க மணக்கும்.